முதுகுவலிக்கு ஒரு கேள்வித்தாள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்து ராத்திரி படியுங்கள்.

ஃபின்லாந்து என்றதும் நம் ஆசிரியர்களுக்குப் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வரும். பணியிடைப் பயிற்சிக்குப் போன இடத்திலெல்லாம் "ஃபின்லாந்தில் பாருங்கள்" என்று ஆரம்பித்து, மதியச் சாப்பாடு வரும்வரை விடமாட்டார்கள். அந்த நாட்டைப் பற்றி நான் இன்று சொல்ல வருவதும் ஒரு கேள்வித்தாள் சம்பந்தப்பட்டதுதான். ஆனால் அதை எழுதுகிறவர்கள் மாணவர்கள் இல்லை, முதுகுவலிக்காரர்கள். இங்கிலாந்தில் பிறந்த அந்தக் கேள்வித்தாளை ஃபின்னிஷ் மொழிக்குக் கொண்டுபோய், அங்கேயும் அது சரியாக அளக்கிறதா என்று நோயாளிகளிடம் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள்.

காலை நடையில் கூட வருகிற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "சார், அந்த நாட்டு ஜனத்தொகையே ஐம்பத்தைந்து லட்சம். எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும். அப்படியே தெரியாவிட்டாலும் போனில் போட்டால் ஒரு நிமிஷத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். இதற்கு ஒரு ஆராய்ச்சியா?" என்றார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்ற கணக்கு வாத்தியாருக்கு முதுகைப் பற்றியும் பேசலாம், கேள்வித்தாளைப் பற்றியும் பேசலாம்.

முதலில் கேள்வித்தாள் எது என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் ஆஸ்வெஸ்ட்ரி என்று ஒரு சிறிய ஊர். அங்கே எலும்பு முறிவு, மூட்டு சிகிச்சைக்குப் பேர்போன மருத்துவமனை உண்டு. ஜெரமி ஃபேர்பேங்க் என்ற மருத்துவரும் கூட வேலை செய்தவர்களும் 1980-இல் ஒரு கேள்விப் பட்டியலை வெளியிட்டார்கள். பத்துப் பகுதி: வலி எவ்வளவு, குளிப்பது உடுத்துவது, எடை தூக்குவது, நடப்பது, உட்காருவது, நிற்பது, தூங்குவது, தாம்பத்தியம், நாலு பேரோடு பழகுவது, பயணம். ஒவ்வொரு பகுதியிலும் ஆறு வாக்கியம். உங்களுக்குப் பொருந்துகிற ஒன்றை டிக் அடிக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் ஐம்பது. இரண்டால் பெருக்கினால் சதவீதம். நம் ஐம்பது மார்க் பேப்பரை நூற்றுக்கு மாற்றுவோமே, அதேதான். ஒரே வித்தியாசம், இங்கே மார்க் ஏற ஏற நிலைமை மோசம்.

எளிமையான தாள்தான். ஆனால் இந்த மதிப்பெண்ணை வைத்து என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இதைக் கொடுத்து, பலன் உண்டா இல்லையா என்று பார்க்கிறார்கள். புது மருந்து, புது உடற்பயிற்சி எல்லாவற்றையும் இதை வைத்து எடை போடுகிறார்கள். ஃபின்லாந்தில் மக்கள் நோய் விடுப்பு எடுப்பதற்கும், உடம்பு முடியாமல் முன்கூட்டியே ஓய்வூதியத்தில் போவதற்கும் முதுகு, மூட்டு, தசைக் கோளாறுகள் முக்கியமான காரணம். ஆக, ஒருவரின் முதுகுக்கு விழுகிற மார்க் பேப்பரோடு போகிற விஷயம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1980-இல் மதிப்பெண்ணைப் படிநிலைகளாகப் பிரித்துப் பொருள் சொன்னார்கள். 20 வரை லேசானது, 40 வரை நடுத்தரம், இப்படி. 81-க்கு மேல் வந்தால்? ஒன்று, ஆள் படுத்த படுக்கையாக இருக்கிறார். அல்லது மிகைப்படுத்திச் சொல்கிறார். இதைப் படித்தபோது சுருக்கென்றது. ஒரு மனிதர் உண்மையாகவே டிக் அடித்திருக்கிறார், ஆனால் மொழிபெயர்ப்பு கோணலாக இருந்ததால் மார்க் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பொய் சொல்கிறவர் ஆகிவிடுவார்.

இனி கணக்குக்கு வருகிறேன். ஒரு பகுதியில் ஒரு படி தள்ளி டிக் அடித்தால் நூற்றுக்கு 2 மதிப்பெண் மாறும். ஐந்து பகுதிகளில் ஒவ்வொரு படி தள்ளினால் 10 மதிப்பெண். சிகிச்சையால் நோயாளிக்கு உண்மையில் முன்னேற்றம் என்று சொல்ல ஏறக்குறைய எவ்வளவு குறைய வேண்டும் தெரியுமா? பல ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு, அதே 10. அதாவது ஐந்து வாக்கியங்களில் சொல் கொஞ்சம் சறுக்கினால் போதும், ஒரு சிகிச்சையின் அளவுக்கு வித்தியாசம் வந்துவிடும். மருந்தே கொடுக்காமல்!

எங்கே சறுக்கும் என்று கேட்பீர்கள். நடக்கும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் ஒரு மைல், அரை மைல், கால் மைல் என்று தூரம் போட்டிருந்தது. ஃபின்லாந்தில் கிலோமீட்டர்தான். ஒரு மைல் 1.6 கிலோமீட்டர் என்று நாம் போட்டுவிடலாம், ஆனால் எந்த மனிதர் தன் நடையை 1.6 என்று நினைத்துப் பார்க்கிறார்? முழு எண்ணாக்கினால் மூலத்திலிருந்து கொஞ்சம் விலகும். இதில் இன்னொரு வேடிக்கை. ஃபின்லாந்தில் ஃபின்னிஷோடு சுவீடிஷும் தேசிய மொழி, நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் அதைத் தாய்மொழியாகப் பேசுகிறார்கள். சுவீடிஷில் 'மில்' என்று ஒரு சொல் உண்டு. மைலின் தம்பி மாதிரித்தான் காதில் விழும். ஆனால் ஒரு மில் என்பது 10 கிலோமீட்டர். அசட்டையாக மொழிபெயர்த்தால் முதுகுவலிக்காரரைப் பத்து கிலோமீட்டர் நடக்கவிட்டு விடுவோம்.

பயணப் பகுதி இதைவிடச் சுவாரசியம். அரை மணி நேரத்துக்கு உட்பட்ட அவசியப் பயணம் மட்டும்தான் முடிகிறது என்று ஒரு வாக்கியம். சிகிச்சைக்குப் போவதைத் தவிர வேறு பயணமே முடியவில்லை என்பது அதற்கடுத்த படி. இங்கிலாந்துச் சிற்றூருக்கு இது சரி. ஃபின்லாந்தின் வடகோடியில் உத்ஸ்யோகி என்று ஓர் ஊர். லாப்லாந்தின் மத்திய மருத்துவமனை இருக்கும் ரோவானியெமிக்கு அங்கிருந்து ஏறக்குறைய 450 கிலோமீட்டர். அந்த ஊர்க்காரருக்கு அரை மணி நேரப் பயணம் என்பது எங்கே போய்ச் சேரும்? சொல்லை அட்சர சுத்தமாக மொழிபெயர்த்திருப்பார்கள். ஊர் மொழிபெயராது.

சரி, வலிக்கு வருவோம். ஃபின்னிஷில் வலியைச் சொல்ல 'கிபு' என்ற பொதுச்சொல் இருக்கிறது. மருத்துவர் எழுதுவது அது. ஆனால் வீட்டில் பேசும்போது வினைச்சொற்களாகக் கொட்டுகிறார்கள். 'ஸார்கே' என்றால் விடாமல் வலிப்பது; அதே வினைக்கு உடைப்பது என்றும் பொருள். 'பகோத்தா' என்றால் கடுக்கிறது. வற்புறுத்துகிறது என்றும் பொருள். 'யோமோத்தா' என்றால் மந்தமாக வலித்துக்கொண்டே இருப்பது, 'கொலோத்தா' எலும்பிலும் மூட்டிலும் குடைவது, 'விஹ்லோ' சுரீரென்று பாய்வது. நமக்கும் இது புதிதில்லை. குடைச்சல், குத்தல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு என்று நாமும் அடுக்குவோம். இன்னொரு ஒற்றுமையும் எனக்குப் பிடித்தது. நாம் "நான் வலிக்கிறேன்" என்று சொல்வதில்லை, "எனக்கு வலிக்கிறது" என்போம். அவர்களும் "முதுகை வலிக்கிறது" என்கிற மாதிரி, எழுவாயே இல்லாமல் சொல்கிறார்கள். யார் வலிக்கச் செய்கிறார்கள் என்று வாக்கியத்தில் இருக்காது.

திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொள்கிற பிடிப்புக்கு அங்கே 'நொய்தன்நுவோலி' என்று பெயர். உடனே நம்ம 'நோய்' என்று உறவு கொண்டாட ஆரம்பிக்காதீர்கள். 'நொய்தா' என்றால் அங்கே சூனியக்காரி, 'நுவோலி' என்றால் அம்பு. சூனியக்காரி விட்ட அம்பு. இடுப்புப் பிடித்து, பாதி குனிந்தபடியே அசையாமல் நின்றவர்கள் இந்தப் பெயரைக் கேட்டால் சிரிக்கமாட்டார்கள், ஆமாம் என்பார்கள்.

இப்போது மொழிபெயர்ப்பு முறையைப் பார்ப்போம். இதற்கு ஒரு வழிகாட்டி உண்டு. டார்கஸ் பீட்டனும் சக ஆய்வாளர்களும் 2000-இல் 'ஸ்பைன்' என்ற மருத்துவ இதழில் எழுதியது. உலகம் முழுக்க இதைத்தான் பின்பற்றுகிறார்கள். இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். ஒருவர் விஷயம் தெரிந்தவர், இன்னொருவர் தெரியாதவர். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். பிறகு மூலத்தைப் பார்க்காத இரண்டு பேர், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள், அதைத் திருப்பி ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க வேண்டும். குழு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். கடைசியில் முப்பது, நாற்பது நோயாளிகளிடம் கொடுத்து நிரப்பச் சொல்லி, ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்க வேண்டும். அதன் பிறகுதான் நூற்றுக்கணக்கில் நோயாளிகள், புள்ளியியல் எல்லாம்.

இந்தத் திருப்பி மொழிபெயர்ப்பது இருக்கிறதே, அதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்கும்போது பிரமாதமாக இருக்கும். போன சரக்கு அப்படியே திரும்பி வந்தால் வழியில் எதுவும் சிந்தவில்லை என்றுதானே அர்த்தம்? ஆனால் யோசித்துப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்த வறட்டு வாக்கியம்தான் அழகாகத் திரும்பி வரும். நல்ல மொழிபெயர்ப்பு கோணலாகத் திரும்பி வரும். "தலை சுற்றுகிறது" என்று நாம் எழுதினதை ஒரு வெள்ளைக்காரர் சொல்லுக்குச் சொல் திருப்பினால், நோயாளியின் தலை பம்பரம் மாதிரி சுழல்கிறது என்று வரும். குழு பதறிப்போய், "இது வேண்டாம், வேறு சொல் போடுங்கள்" என்று சொல்லும். சூனியக்காரியின் அம்பும் அப்படித்தான் அடிபடும். கடைசியில் எந்த ஊர்ப் பாட்டியும் பேசாத ஒரு பாஷை தாளில் மிஞ்சும். திரும்பி வந்ததைப் பார்த்து, போன இடத்தில் எப்படி வரவேற்றார்கள் என்று முடிவு செய்ய முடியாது.

சரி, புள்ளியியல் காப்பாற்றுமா? பி.எட். படித்தவர்களுக்கு நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்று இரண்டு பாடம் ஞாபகம் இருக்கும், தேர்வுக்கு மனப்பாடம் செய்ததுதானே. இங்கேயும் அதே இரண்டுதான். பத்துக் கேள்விகளும் ஒன்றோடொன்று இசைந்து போகிறதா என்று குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண்ணை வைத்துப் பார்க்கிறார்கள். 0.7-க்கு மேல் வேண்டும். ஆனால் 0.95-ஐத் தாண்டினால், ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்து, ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து அதே ஆளிடம் அதே தாள். வலி மாறாமல் இருந்தால் மார்க்கும் மாறக்கூடாது. பிறகு, வலியை அளக்கும் வேறு அளவுகோல்களோடு இது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். யுவாஸ்குலா நகரத்து ஆய்வாளர்கள் ஆஸ்வெஸ்ட்ரி பட்டியலின் 2.0 பதிப்புக்கு ஃபின்னிஷில் இந்த மாதிரிச் சோதனையைச் செய்து 2011-இல் வெளியிட்டார்கள். மூலம் வந்து முப்பத்தொரு வருஷம் கழித்து. 1990-களிலேயே அங்கே ஆய்வுகளில் இந்தப் பட்டியல் பயன்பட்டுக்கொண்டிருந்தது. இருந்தாலும் புதுப் பதிப்பை மறுபடி சோதித்தார்களே, அந்தப் பொறுமையைத்தான் நான் மெச்சுகிறேன்.

ஆனால் எண்கள் எதைக் கண்டுபிடிக்காது என்றும் தெரிந்திருக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசில் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைப்பார்கள். அந்தத் தராசில் நூறு தடவை நிறுத்தாலும் ஒரே எடைதான் காட்டும். நம்பகத்தன்மை அமோகம். நமக்கு மட்டும் ஐம்பது கிராம் குறையும். எல்லா நோயாளிகளும் ஒரு வாக்கியத்தை ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துகொண்டால் ஆல்ஃபாவும் நன்றாக வரும், இரண்டு வாரம் கழித்தும் அதே மார்க் வரும். வேறு அளவுகோலோடு ஒப்பிட்டால் தெரியாதா என்றால், அங்கே ஒன்று ஏறினால் மற்றதும் ஏறுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு கூடியிருந்தால் அதிலும் தெரியாது.

இதை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன் வெளியிலிருந்து வந்த ஒரு பொது வினாத்தாளில் வேகக் கணக்கு. "பேருந்து எத்தனை மணியில் போய்ச் சேரும்?" என்று கேட்டிருந்தார்கள். தாள் எடுத்தவர் நினைத்தது, எத்தனை மணி நேரத்தில் என்று. புறப்பட்ட நேரமும் கணக்கில் கொடுத்திருந்ததால் பிள்ளைகள் மொத்தமும் கடிகார மணியை எழுதிவிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளும்தான். மார்க் பட்டியலை மட்டும் பார்த்தால், கேள்வி கடினம் என்று தோன்றும். ஒரு பையனைக் கூப்பிட்டு "இந்தக் கேள்வி என்னடா கேட்குது?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

ஆகவே என் கட்சி இதுதான். அந்த முப்பது நாற்பது நோயாளிகளோடு உட்கார்ந்து, "இந்த வரியைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று கேட்கிற இடம் இருக்கிறதே, மொத்த வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இந்த மாதிரி ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் அதற்கு ஒரு வரியோ இரண்டு வரியோதான் கிடைக்கும். "முன்சோதனை செய்யப்பட்டது, சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன." என்ன மாற்றம்? யார் எந்தச் சொல்லில் நின்றார்கள்? மரம் வெட்டுகிறவர் ஒரு மாதிரியும் அலுவலகத்தில் உட்காருகிறவர் ஒரு மாதிரியும் புரிந்துகொண்டார்களா? அட்டவணைகள் நாலு பக்கம் வரும், இது வராது. எனக்குக் கேட்டால் அட்டவணையில் ஒன்றைக் குறைத்துவிட்டு அந்த முப்பது பேர் சொன்னதைப் போட வேண்டும். அடுத்த மொழிக்கு மொழிபெயர்க்கிறவருக்கு அதுதான் உதவும்.

இரண்டு இடங்களில் இது குறிப்பாகத் தேவைப்படும். ஒன்று, இந்தத் தாளில் அடிக்கடி வருகிற "கூடுதல் வலி" என்ற சொல். கனமான பொருளைத் தூக்க முடிகிறது, ஆனால் கூடுதல் வலி வருகிறது என்று வாக்கியம். எதைவிடக் கூடுதல்? எப்போதும் இருக்கிற வலியைவிடவா, நேற்றைவிடவா, வழக்கமாகத் தூக்கும்போது வருவதைவிடவா? ஆங்கிலத்தில் அது போகிற போக்கில் போய்விடுகிறது. வேறு மொழியில் வைத்தால் முறைத்துப் பார்க்கும். இரண்டாவது, வலியின் படிகள். மிக லேசானது, நடுத்தரம், ஓரளவு கடுமை, மிகக் கடுமை என்று ஏணி. ஒவ்வொரு மொழியிலும் இந்த 'ஓரளவு' ஒவ்வொரு உயரத்தில் நிற்கும். நம்மிடம் "எப்படி இருக்கு?" என்றால் "பரவாயில்லை" என்போம். அது நல்லதா கெட்டதா என்று நமக்கே முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

தாம்பத்தியப் பகுதியைப் பல நாடுகளில் நோயாளிகள் காலியாக விட்டுவிடுகிறார்கள். பின்னால் வந்த பதிப்பில் "பொருந்துமானால்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். விட்டுவிட்டால் ஐம்பதுக்குப் பதில் நாற்பத்தைந்துக்குக் கணக்குப் போடலாம் என்று விதியும் உண்டு. புத்திசாலித்தனமான ஏற்பாடு. மௌனத்துக்கு மார்க் குறைக்கவில்லை.

உள்ளூர்க் கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கலாம். ஃபின்லாந்தில் ஐம்பத்தைந்து லட்சம் பேருக்கு முப்பது லட்சம் அளவில் நீராவிக் குளியல் அறைகள், அதாவது சௌனா. குளிர்காலம் முழுக்க வாசலில் பனியை வாரிக் கொட்ட வேண்டும், முதுகை வாங்கும் வேலை. சௌனாவில் மேல் பலகையில் ஏறி உட்கார முடிகிறதா, பனி வார முடிகிறதா என்று கேட்டால் அந்த ஊர் முதுகைப் பற்றி நன்றாகத் தெரியும். ஆனால் சேர்த்தால் இங்கிலாந்து மார்க்கோடு ஒப்பிட முடியாது. ஒப்பிடத்தானே இத்தனை பாடு. 1983-இல் வந்த ரோலண்ட்–மோரிஸ் பட்டியல் இதில் கெட்டிக்காரத்தனமானது. இருபத்து நான்கு வாக்கியம், பொருந்தினால் டிக், அவ்வளவுதான். அதில் "வீட்டில் கனமான வேலைகளைத் தவிர்க்கிறேன்" என்று பொதுவாக விட்டிருக்கிறார்கள். பனி வாருவது, விறகு பிளப்பது எல்லாம் அந்தச் சொல்லுக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நடை நண்பரின் முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும் என்றார். ஃபின்லாந்தில் இளைஞர்கள் நன்றாகவே பேசுவார்கள். ஆனால் அதிகம் முதுகு தேய்ந்தவர்கள் யார்? காட்டிலும் கட்டட வேலையிலும் பண்ணையிலும் உழைத்து அறுபது, எழுபதைத் தொட்டவர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்தாலும் கடையில் பேசுகிற அளவுக்குத் தெரியும். 'கொலோத்தா'வுக்கும் 'விஹ்லோ'வுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை அதில் சொல்ல முடியாது. போனில் மொழிபெயர்ப்பது பற்றியும் கேட்டார். அது வாக்கியத்தைத் தரும், நன்றாகவே தரும். உத்ஸ்யோகிக்காரர் அதைப் படித்துவிட்டு எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறார், ஏன் அங்கே அடிக்கிறார் என்று அதற்குத் தெரியாது.

ஃபின்லாந்துக்குள்ளேயே இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. ஃபின்னிஷ், சுவீடிஷ் தவிர வேறு தாய்மொழி உள்ளவர்களில் அங்கே ரஷ்ய மொழிக்காரர்கள்தான் அதிகம். எஸ்தோனிய மொழிக்காரர்கள், அரபுக்காரர்களும் இருக்கிறார்கள். வேலைக்கு வந்தவர்களில் நிறையப் பேருக்குத் துப்புரவு, கட்டட வேலை, பேருந்து ஓட்டுவது என்று முதுகை வாங்குகிற பிழைப்பு. ஃபின்னிஷ் பேசுகிறவர்களிடம் சோதித்த தாள், பாதி ஃபின்னிஷ் தெரிந்தவரிடம் அதே அளவு அளக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லையே.

நம் பக்கமும் ஒரு வார்த்தை. ஆஸ்வெஸ்ட்ரி பட்டியலின் தமிழ் வடிவத்தைச் சோதித்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. என் பழைய மாணவர்களில் பிசியோதெரபிஸ்டுகள் நாலைந்து பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். முதுகுவலி என்று தாளில் இருக்கிறது, வருகிற பெண்கள் பாதிப் பேர் இடுப்புவலி என்றுதான் சொல்வார்கள். தமிழ்த் தாளைக் கையில் கொடுத்தால் அவர்கள் எந்த வரியில் நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள்? அப்போது அவர்கள் கேட்கிற கேள்வியை, அவர்கள் பேசுகிற மாதிரியே, கீழே எழுதுங்கள்.